பிளஸ், மைனஸ் மட்டும் போட்டு ஒரு சார்பைப் படிப்பது

பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு வகுப்புத் தேர்வில், ஐந்து மார்க் கணக்கு ஒன்றில் எனக்கு அரை மார்க்கூட விழவில்லை. கணக்கு இதுதான்: (ம + 1)/(ம − 3) ≥ 2 என்றால் ம என்னவெல்லாமாக இருக்கலாம்? (பள்ளியில் எக்ஸ் என்று எழுதினோம். இங்கே மாறி என்பதற்கு ‘ம’ என்று வைத்துக்கொள்கிறேன், கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.) நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். கீழே இருக்கிற ம − 3-ஐத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன், ம + 1 ≥ 2ம − 6 என்று வந்தது, இங்கே இருப்பதை அங்கே தள்ளி ம ≤ 7 என்று எழுதி, அதைச் சுற்றி ஸ்கேல் வைத்துப் பெட்டியும் கட்டினேன். பெட்டி நன்றாகத்தான் இருந்தது.

7-உம் அதற்குக் கீழே உள்ள எல்லாமும் சரி என்றால் 0-உம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா? போட்டுப் பாருங்கள். மேலே 1, கீழே −3. வகுத்தால் −0.33 சொச்சம். அது எங்கே, 2 எங்கே?

எங்கே தப்பு நடந்தது என்று பார்த்தால், அந்த “தூக்கி அந்தப் பக்கம் போட்டேன்” என்கிற இடத்தில்தான். சமன்பாட்டில் இரண்டு பக்கத்தையும் எதனால் வேண்டுமானாலும் பெருக்கலாம், பூச்சியமாக மட்டும் இருக்கக் கூடாது. ஆனால் பெரியது சிறியது என்று வந்துவிட்டால் மைனஸால் பெருக்கும்போது திசை திரும்பிவிடும். 5 ரூபாய் 3 ரூபாயைவிட அதிகம், ஆனால் 5 ரூபாய் கடன்காரன் 3 ரூபாய் கடன்காரனைவிடக் கீழே இருக்கிறான். இதில் ம − 3 என்பது பிளஸா மைனஸா என்றே நமக்குத் தெரியாது. ம 3-க்கு மேலே இருந்தால் பிளஸ், கீழே இருந்தால் மைனஸ். ம என்ன என்று கண்டுபிடிக்கத்தானே கணக்கையே போடுகிறோம்! தெரியாத ஒன்றால் பெருக்கிவிட்டு, திசையை அப்படியே விட்டுவிட்டேன்.

சரி, பெருக்காமல் என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து மறுபக்கம் பூச்சியத்தை மட்டும் விடுவது. இரண்டு பக்கமும் 2-ஐக் கழித்து ஒரே பின்னமாக்கினால் (7 − ம)/(ம − 3) ≥ 0 என்று வரும். இந்த ஒரு அடியில் கேள்வியே மாறிவிட்டது. “இது 2-ஐவிடப் பெரிதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தோம், இப்போது “இது பிளஸா, மைனஸா?” என்று மட்டும் கேட்கிறோம். மதிப்பு 0.4 ஆக இருந்தால் என்ன, 40 லட்சமாக இருந்தால் என்ன, குறி தெரிந்தால் போதும். பெருக்கலிலும் வகுத்தலிலும் குறியைக் கண்டுபிடிப்பது சின்னப் பிள்ளை வேலை. 628-இல் பிரம்மகுப்தர் தன் நூலில் இதை எழுதி வைத்துவிட்டார். பிளஸை அவர் சொத்து என்றார், மைனஸைக் கடன் என்றார். கடனும் சொத்தும் பெருக்கினால் கடன், கடனும் கடனும் பெருக்கினால் சொத்து. வட்டிக்குக் கடன் வாங்கியவர்களுக்கு இரண்டாவது விதியில் நம்பிக்கை வராது, ஆனால் கணக்கு அதுதான்.

இப்போது நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ம எந்த எண்ணாக வேண்டுமானாலும் இருக்கலாம், கோடிக்கணக்கான எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க முடியாது. பார்க்கவும் வேண்டியதில்லை என்பதில்தான் குறி அட்டவணையின், அதாவது எங்கெங்கே பிளஸ், எங்கெங்கே மைனஸ் என்று எழுதிக்கொள்ளும் பட்டியலின், உயிரே இருக்கிறது.

ஒரு வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு வர வேண்டுமென்றால் வாசற்படியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதேபோல, ஒரு சார்பு (ம-க்கு ஒரு எண் போட்டால் பதிலுக்கு ஒரு எண் தரும் கோவை) விட்டுவிடாமல் தொடர்ச்சியாகப் போய்க்கொண்டிருக்கும்போது மைனஸிலிருந்து பிளஸுக்கு வர வேண்டுமென்றால் நடுவில் பூச்சியத்தை மிதிக்காமல் வர முடியாது. பேப்பரிலிருந்து பேனாவை எடுக்காமல் வரையும் ஒரு கோடு, கீழேயிருந்து மேலே போகும்போது நடுவில் இருக்கிற கிடைக்கோட்டை வெட்டாமல் போகாது. இதில் நிரூபிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ரொம்ப காலம் கணித மேதைகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. பிராகாவில் இருந்த பெர்னார்ட் போல்சானோ என்கிற பாதிரியார்தான், படம் போட்டுக் காட்டுவதெல்லாம் நிரூபணம் ஆகாது என்று பிடிவாதமாக உட்கார்ந்து, 1817-இல் எண்களை மட்டும் வைத்து அதை நிரூபிக்க ஒரு கட்டுரை எழுதினார். நான்கு வருடம் கழித்து, பாரிஸில் கோஷி என்கிற கணித அறிஞர் தன் பாடநூலில் அதே விஷயத்தைத் தந்தார்.

வாசற்படி வழியாக வராமல் வெளியே வர இன்னொரு வழியும் இருக்கிறது, சுவர் ஏறிக் குதிப்பது. 1/ம என்கிற சார்பைப் பாருங்கள். ம = −0.001 என்றால் மதிப்பு −1000. ம = 0.001 என்றால் +1000. நடுவில் அது பூச்சியத்தைத் தொடவே இல்லை. ம = 0-இல் கீழே இருக்கிற பகுதி பூச்சியமாகிவிடுவதால் அந்த இடத்தில் சார்பே இல்லை, கோடு அங்கே அறுந்துபோய் அடுத்த பக்கம் வேறெங்கோ ஆரம்பிக்கிறது. ஆக, குறி மாறக்கூடிய இடங்கள் இரண்டே வகை: சார்பு பூச்சியமாகும் இடம், சார்பு அறுந்துபோகும் இடம். நாம் பள்ளியில் பார்க்கிற பின்னங்களில் முதலாவது, தொகுதி (மேலே இருப்பது) பூச்சியமாகும் இடம்; இரண்டாவது, பகுதி (கீழே இருப்பது) பூச்சியமாகும் இடம். இவற்றை ஒரு கோட்டில் குறித்துவிட்டால் கோடு சில துண்டுகளாகப் பிரியும். ஒரு துண்டுக்குள் குறி மாறவே முடியாது, மாற வேண்டுமென்றால் உள்ளே ஒரு வாசற்படியோ ஏறிக் குதிக்கிற சுவரோ இருந்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரே ஒரு எண்ணை எடுத்துப் போட்டுப் பார்த்தால் போதும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதுவேதான். என்ன, இங்கே எத்தனை பானை என்று முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும்.

என் மார்க்கைத் தின்ற கணக்குக்கு வருவோம். (7 − ம)/(ம − 3). தொகுதி பூச்சியமாவது 7-இல், பகுதி பூச்சியமாவது 3-இல். மூன்று துண்டு. ம = 0 போட்டால் 7/(−3), மைனஸ். ம = 5 போட்டால் 2/2, பிளஸ். ம = 10 போட்டால் −3/7, மைனஸ். நமக்குப் பிளஸோ பூச்சியமோ வேண்டும், ஆக நடுத்துண்டு. 7-இல் சார்பு பூச்சியம், அதைச் சேர்த்துக்கொள்ளலாம். 3-இல் சார்பே இல்லை, அதைச் சேர்க்கக் கூடாது, ≥ போட்டிருந்தாலும் சரி. விடை 3 < ம ≤ 7. பகுதியைப் பூச்சியமாக்கும் எண்ணை விடைக்குள் விட்டு மார்க் இழப்பவர்கள் இன்னமும் நிறைய. கோட்டில் அந்தப் புள்ளியை உள்ளே நிரப்பாத வட்டமாகப் போடுகிற பழக்கம் வந்துவிட்டால் அந்தத் தப்பு தானாக நின்றுவிடும்.

காரணிகள் கூடினால் அட்டவணையின் அழகு தெரியும். (ம + 2)(ம − 1)(ம − 4) என்று எடுத்துக்கொள்வோம். வேலி போடும் எண்கள் −2, 1, 4. நான்கு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் மூன்று காரணிகளின் குறியை வரிசையாக எழுதுகிறேன்:

ம −2-க்குக் கீழே: − − − , பெருக்கினால் −
−2-க்கும் 1-க்கும் நடுவில்: + − − , பெருக்கினால் +
1-க்கும் 4-க்கும் நடுவில்: + + − , பெருக்கினால் −
ம 4-க்கு மேலே: + + + , பெருக்கினால் +

இதை மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒவ்வொரு வேலியைத் தாண்டும்போதும் ஒரே ஒரு காரணிதான் மைனஸிலிருந்து பிளஸாகிறது, மற்றவை அப்படியே இருக்கின்றன. ஒன்று மாறினால் பெருக்கற்பலனும் மாறும். அப்படியென்றால் எண்ணைப் போட்டுப் பார்க்கும் வேலைகூட வேண்டாம். வலது ஓரத்தில் ம ரொம்பப் பெரிதாக இருக்கும்போது எல்லாக் காரணியும் பிளஸ், அங்கே ஒரு + போட்டுவிட்டு இடது பக்கமாக நகர்ந்தால் −, +, − என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். ஜேஇஇ கோச்சிங் போனவர்களுக்கு இது ‘வேவி கர்வ்’ என்றால் உடனே புரியும். வலது மேல் மூலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு புள்ளி வழியாகவும் கோட்டுக்கு மேலும் கீழுமாக நெளிநெளியாகப் பாம்பு வரைவார்கள். ரஷ்யப் பள்ளிகளில் இதற்கு இடைவெளி முறை என்று பெயர். நார்வேயில் + − எல்லாம் எழுதுவதில்லை, ஒவ்வொரு காரணிக்கும் ஒரு கோடு இழுத்து, பிளஸாக இருக்கும் நீளத்துக்கு முழுக்கோடும் மைனஸாக இருக்கும் நீளத்துக்கு விட்டுவிட்டுப் போகும் கோடும் போடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த நார்வே முறைதான், எத்தனை காரணி இருந்தாலும் விட்டுப்போன கோடுகளை எண்ணி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

பாம்பு வரைவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. காரணம் தெரியாமல் கையை மட்டும் பழக்கியவர்கள் இரண்டு இடத்தில் கட்டாயம் விழுவார்கள். முதலாவது, (ம − 5) என்று இருக்க வேண்டிய இடத்தில் (5 − ம) என்று கேள்வித்தாள் கொடுத்திருப்பது. வலது ஓரத்தில் அது மைனஸ், பாம்பு கீழேயிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது, ஒரே காரணி இரண்டு முறை வருவது. (ம − 1)² என்று இருந்தால் 1-ஐத் தாண்டும்போது இரண்டு காரணி ஒரே நேரத்தில் குறி மாறும், இரண்டு மாற்றமும் ஒன்றையொன்று அழித்துவிடும். சார்பு 1-இல் பூச்சியத்தைத் தொட்டுவிட்டு வந்த பக்கமே திரும்பிப் போகும், வாசற்படி வரை வந்து செருப்பை மாட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிற மாதிரி. அடுக்கு ஒற்றைப்படையாக இருந்தால் குறி மாறும், இரட்டைப்படையாக இருந்தால் மாறாது. இவ்வளவுதான் விதி, ஏன் என்று தெரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

இந்த இரண்டு பொறியையும் சேர்த்து வைத்த கணக்கு ஒன்று: (ம − 2)²(ம + 1)/(5 − ம) ≤ 0. அடுத்த வரியைப் படிக்கும் முன் போட்டுப் பாருங்கள். 5-க்கு மேலே மைனஸ், 2-க்கும் 5-க்கும் நடுவில் பிளஸ், −1-க்கும் 2-க்கும் நடுவிலும் பிளஸ், −1-க்குக் கீழே மைனஸ். ஆகவே ம ≤ −1 அல்லது ம > 5 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுபவர்கள்தான் பாதிப் பேர். ஆனால் ≤ என்றால் பூச்சியமும் சேர்த்தி, 2-இல் சார்பு பூச்சியம். இரண்டு பக்கமும் பிளஸ் சூழ்ந்திருக்க, நடுவில் 2 என்கிற ஒற்றைப் புள்ளி மட்டும் விடையில் தனியாக உட்கார்ந்திருக்கும்.

காரணிப்படுத்தினால் எப்போதும் நல்ல எண்களாக வராதே என்று கேட்கலாம். ம² + ம + 1 மாதிரி ஒன்று வந்தால் அதை உடைக்க முடியாது, அதற்கு மெய் மூலங்களே இல்லை, அதாவது அதைப் பூச்சியமாக்கும் மெய்யெண் எதுவும் கிடையாது. பூச்சியமே ஆகாத தொடர்ச்சியான சார்பு குறி மாற முடியாது, 0 போட்டால் 1 வருகிறது, எனவே எங்கும் பிளஸ். குறி அட்டவணையில் இப்படிப்பட்டவற்றுக்கு இடமே தர வேண்டாம், அடித்துவிட்டுப் போகலாம்.

“போனில் சார்பைத் தட்டினால் படமே வந்துவிடுகிறது, இதெல்லாம் எதற்கு?” இந்தக் கேள்வியை என்னிடம் கணக்குக் கேட்க வரும் பக்கத்து வீட்டுப் பையன் வாரம் ஒரு முறை கேட்பான். அவனிடம் ம³ − 0.01ம என்று தட்டச் சொன்னேன். −10 முதல் 10 வரை திரையில் ஒரு சாதாரண வளைவு, நடுவில் பூச்சியத்தைக் கடந்து மேலே போகிறது. “அண்ணா, ஒரே இடத்துலதான் வெட்டுது, பூச்சியத்துக்கு அப்புறம் எல்லாம் பிளஸ்” என்றான். காரணிப்படுத்திப் பார் என்றேன். ம(ம − 0.1)(ம + 0.1). மூன்று இடத்தில் வெட்டுகிறது. 0-க்கும் 0.1-க்கும் நடுவில் சார்பு மைனஸ், ஆனால் எவ்வளவு மைனஸ் என்றால் அதிகபட்சம் 0.0004-க்கும் குறைவு, திரையில் ஒரு புள்ளி தடிமன்கூட வராது. விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனால் தெரியும், ஆனால் எந்த இடத்தில் பெரிதாக்க வேண்டும் என்று படம் சொல்லாது. பையன் கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதுவரை சார்பின் குறியைப் பார்த்தோம். இதே அட்டவணையை அதன் வகைக்கெழுவுக்குப் போட்டால் சார்பு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தெரிந்துவிடும். வகைக்கெழு என்பது சரிவு, பிளஸ் என்றால் மேடு ஏறுகிறோம், மைனஸ் என்றால் பள்ளம் இறங்குகிறோம்.

30 செ.மீ.க்கு 30 செ.மீ. சதுர அட்டை ஒன்று இருக்கிறது. நான்கு மூலையிலும் ம செ.மீ. பக்கமுள்ள சின்னச் சதுரங்களை வெட்டி எடுத்துவிட்டு ஓரங்களை மடித்தால் மூடியில்லாத ஸ்வீட் டப்பா கிடைக்கும். எவ்வளவு வெட்டினால் டப்பாவில் அதிகம் பிடிக்கும்? கொஞ்சமாக வெட்டினால் டப்பா தட்டு மாதிரி ஆகிவிடும், நிறைய வெட்டினால் குழாய் மாதிரி ஆகிவிடும். கொள்ளளவு ம(30 − 2ம)². வகையிட்டு, வரும் கோவையை விரித்துவிடாமல் (விரிக்கவே கூடாது, விரித்தால் திரும்பவும் காரணிப்படுத்த வேண்டும், இதில் நேரத்தைத் தொலைக்காதவர்கள் குறைவு) பொதுக்காரணியை வெளியே எடுத்தால் (30 − 2ம)(30 − 6ம) வருகிறது. பூச்சியங்கள் 5, 15. வெட்டுகிற அளவு 0-க்கும் 15-க்கும் நடுவில்தான் இருக்க முடியும், 15 வெட்டினால் அட்டையே மிஞ்சாது. அந்தத் தூரத்தில் முதல் காரணி எப்போதும் பிளஸ், இரண்டாவது 5 வரை பிளஸ், 5-க்கு அப்புறம் மைனஸ். ஆக கொள்ளளவு 5 வரை ஏறுகிறது, அதற்கப்புறம் இறங்கிக்கொண்டே போகிறது. உச்சம் 5-இல், 5 × 20 × 20 = 2000 கன செ.மீ. சந்தேகம் இருந்தால் 4 போட்டால் 1936, 6 போட்டால் 1944.

இங்கே கவனிக்க வேண்டியது, 5-இல் வகைக்கெழு பூச்சியம் என்பது உச்சத்துக்குக் காரணம் இல்லை. பிளஸிலிருந்து மைனஸுக்கு மாறுகிறதே, அதுதான் காரணம். ஏறிக்கொண்டிருந்தது இறங்கத் தொடங்கினால்தான் உச்சி. ம³-இன் வகைக்கெழு 3ம², 0-இல் பூச்சியம், ஆனால் இரண்டு பக்கமும் பிளஸ். மாடிப்படியில் ஏறுகிறவர் நடுவில் ஒரு நொடி மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் ஏறுகிறார், அவ்வளவுதான், அங்கே உச்சியும் இல்லை பள்ளமும் இல்லை. இதற்கு இரண்டாம் வகைக்கெழுச் சோதனை என்று இன்னொன்று வைத்திருக்கிறார்கள், வேகமாக முடியும் என்று எல்லாரும் அதற்குத் தாவுவார்கள். ம⁴-இல் அது கையை விரித்துவிடும்: இரண்டாம் வகைக்கெழு 12ம², 0-இல் பூச்சியம், பூச்சியம் வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது என்பது அந்தச் சோதனையின் பதில். முதல் வகைக்கெழுவான 4ம³-க்கு ஒரு குறி அட்டவணை போட்டால், 0-க்கு முன்னால் மைனஸ், பின்னால் பிளஸ், இறங்கி ஏறுகிறது, ஆகவே 0 தான் சிறுமம். ஒரே வரியில் முடிந்துவிட்டது. (இரண்டாம் வகைக்கெழுவுக்கும் அட்டவணை போடலாம், வளைவு கிண்ணம் மாதிரி நிமிர்ந்து இருக்கிறதா குடை மாதிரிக் கவிழ்ந்து இருக்கிறதா என்று அது சொல்லும்.) பிரெஞ்சுப் பள்ளிகளில் இந்த இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிடுவார்கள். மேல் வரிசையில் வகைக்கெழுவின் குறிகள், கீழ் வரிசையில் அவற்றுக்கு நேராக மேலேயோ கீழேயோ காட்டும் அம்புகள், அம்பு திரும்பும் இடங்களில் சார்பின் மதிப்பு. அந்தக் கட்டத்தைப் பார்த்தே வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடலாம்.

குறி மட்டும் போதும் என்பதைக் கணினியும் ஒப்புக்கொள்கிறது. ம³ − ம − 2 = 0 என்பதற்கு நல்ல விடை கிடையாது. 1 போட்டால் −2, 2 போட்டால் +4. நடுவில் எங்கோ வாசற்படி இருக்கிறது. சரிபாதியான 1.5 போட்டால் −0.125, மைனஸ், ஆகவே விடை 1.5-க்கும் 2-க்கும் நடுவில். 1.75 போட்டால் பிளஸ், ஆகவே 1.5-க்கும் 1.75-க்கும் நடுவில். ஒவ்வொரு முறையும் தேடும் இடம் பாதியாகிறது, பத்து முறை செய்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். −0.125 பூச்சியத்துக்கு எவ்வளவு பக்கம், +4 எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் இந்த முறை கண்டுகொள்வதே இல்லை. மைனஸா பிளஸா, அது ஒன்றுதான் கேள்வி. மெதுவான முறைதான், ஆனால் சார்பு தொடர்ச்சியாக இருந்து, இரண்டு முனையிலும் குறி வேறாக இருந்துவிட்டால் ஏமாற்றவே ஏமாற்றாது. விடை 1.52 சொச்சம்.

கடைசியாக ஒன்று, எனக்கு இந்த அட்டவணைமேல் மரியாதை வந்ததே இதற்கப்புறம்தான். ஒரு ஏரியில் மீன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை டன் என்பது ம. ஏரி அதிகபட்சம் 100 டன் தாங்கும். மீன் குறைவாக இருந்தால் இனப்பெருக்கம் செய்ய ஆள் குறைவு, வளர்ச்சியும் குறைவு. 100-ஐ நெருங்கினால் தீனி போதாது, அப்போதும் வளர்ச்சி குறைவு. வருடத்துக்கு ம(100 − ம)/100 டன் கூடுகிறது என்று எடுத்துக்கொண்டால் இந்த இரண்டும் அதில் வந்துவிடும். 1838-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வெர்ஹுல்ஸ்ட் மக்கள்தொகைக்குப் போட்ட கணக்கின் வடிவம்தான் இது. 0-க்கும் 100-க்கும் நடுவில் பிளஸ், 100-க்கு மேலே மைனஸ். பிளஸ் துண்டில் வலது பக்கம் ஒரு அம்பும் மைனஸ் துண்டில் இடது பக்கம் ஒரு அம்பும் போடுங்கள். 0-க்கு மேலே எங்கே தொடங்கினாலும் ஏரி 100-ஐ நோக்கியே போகிறது. சமன்பாட்டைத் தீர்க்கவே இல்லை, தொகையிடலும் செய்யவில்லை, எதிர்காலம் தெரிந்துவிட்டது.

இப்போது வருடத்துக்கு 16 டன் பிடிக்க அனுமதி கொடுக்கிறார்கள். மீன் மாறுகிற வேகம் ம(100 − ம)/100 − 16. இதைக் காரணிப்படுத்தினால் −(ம − 20)(ம − 80)/100. 80-க்கு மேலே மைனஸ், 20-க்கும் 80-க்கும் நடுவில் பிளஸ், 20-க்குக் கீழே மைனஸ். அம்புகளைப் போட்டால் 80-ஐ நோக்கி இரண்டு பக்கமிருந்தும் அம்பு வருகிறது, 20-இலிருந்து இரண்டு பக்கமும் அம்பு விலகிப் போகிறது. ஏரியில் 70 டன் இருந்தாலும் 25 டன் இருந்தாலும் கொஞ்ச காலத்தில் 80-க்குப் போய்ச் சேர்ந்துவிடும், எந்தக் கவலையும் இல்லை. ஏதோ ஒரு மோசமான வருடத்தில் 19 ஆகிவிட்டால், அதே 16 டன் பிடிப்பு ஏரியைத் துடைத்துவிடும். அன்றாடம் வலை வீசுகிறவருக்கு 21-க்கும் 19-க்கும் எந்த வித்தியாசமும் தெரியாது.

பேராசைப்பட்டு 25 ஆக்கினால்? −(ம − 50)²/100. முன்னால் பார்த்த இரட்டை அடுக்கு இங்கே வந்து நிற்கிறது. 20-உம் 80-உம் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து 50-இல் ஒட்டிக்கொண்டன, நடுவில் இருந்த பிளஸ் துண்டு காணாமல் போய்விட்டது. 50-இல் பூச்சியம், இரண்டு பக்கமும் மைனஸ். 60-இல் இருந்தால் 50-ஐ நோக்கி இறங்கும், பார்ப்பதற்கு நிலைத்துவிட்ட மாதிரித்தான் இருக்கும், ஆனால் 49-க்குச் சறுக்கினால் திரும்பி வருவதற்கு அம்பே இல்லை. 26 ஆக்கினால் மூலமே கிடையாது, கோடு முழுக்க மைனஸ்.

அந்த 25-க்குத்தான் நிரந்தரமாகப் பிடிக்கக்கூடிய அதிகபட்ச அளவு என்று பெயர். 1954-இல் மில்னர் ஷேஃபர் என்கிற மீன்வள அறிஞர் இந்த மாதிரிக் கணக்கை மீன்வளத்துக்குக் கொண்டுவந்தார், உலகம் முழுக்க மீன்பிடி ஒதுக்கீடுகளுக்கு இந்த எண்ணம் அடிப்படையாக இருந்தது. 1977-இல் பீட்டர் லார்கின் என்கிற கனடிய மீனியல் அறிஞர் இந்தக் கருத்துக்குக் கல்லறை வாசகம் எழுதுவதாகவே ஒரு கட்டுரையை வெளியிட்டார், கேட்டவர்கள் குறைவு. உண்மையான கடல் இந்த ஏரி மாதிரி எளிமையானது இல்லை, குளிர், இரை, மீனின் வயது எல்லாம் சேர்ந்து அந்த வேலிகளை நகர்த்திக்கொண்டே இருக்கும். அதைவிட, கோட்டில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிய மீனை எண்ண வேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் எவ்வளவு இருக்கிறது என்பதை 1980-களில் கூடுதலாகக் கணித்துவிட்டார்கள், அந்தக் கணிப்பை வைத்துப் பிடிக்க அனுமதியும் கொடுத்தார்கள். 1992 ஜூலை 2 அன்று அரசு காட் மீன்பிடியை மொத்தமாக நிறுத்தியது, சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருடத்துக்கு என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள். அந்தத் தடையை விலக்கியது 2024 ஜூனில்.